பழைய தண்ணீர்

மீன்கள் எல்லாம் மேலே வந்திருந்தன.

குசினிக் கதவைத் திறந்ததும் யோகம்மா அதைத்தான் கண்டாள். மற்ற நாட்களில் விடியும்போது கொல்லைத் தொட்டியில் ஒரு மீனும் தெரியாது. பச்சைத் தண்ணீருக்குள் எங்கேயோ கிடக்கும். அவள் சோற்றுப் பருக்கையோடு போய்க் குனிந்து, சீமெந்து விளிம்பை விரலால் தட்டிய பிறகுதான், அடுப்பில் தணல் கனிவதைப் போல ஒவ்வொன்றாகக் கீழிருந்து சிவந்து வரும். இன்று அவள் தட்டவில்லை. அவை குசினிப் பக்கத்து ஓரத்தில் மட்டும், ஒன்றையொன்று உரசிக்கொண்டு, வாய்களைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியபடி நின்றன. வாய்கள் திறந்தன, மூடின, திறந்தன. அதில் ஒரு சின்ன ஈரச் சத்தம் இருந்தது. பால் குடித்து முடித்த பிறகும் தூக்கத்தில் வாயைச் சப்பிக்கொண்டே இருக்கும் கைக்குழந்தையின் சத்தம்.

பசியாக்கும் என்று பருக்கைகளைத் தூவினாள். அவை மீன்களின் தலையில் விழுந்து வழுக்கி, அடிக்குப் போய், வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. ஒரு மீனும் திரும்பவில்லை. அவை சோற்றைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் இன்று அடி தெரியும் கண்ணாடியாக இருந்ததற்குக் காரணம் அவள்தான். தைப்பூசத்துக்குத் தைப்பிங்கிலிருந்து கணவனின் தமக்கை குடும்பத்தோடு வருகிறாள் என்று தெரிந்த நாள் முதல் அந்தத் தொட்டி அவள் கண்ணைக் குத்தியது. முழங்கால் ஆழத் தொட்டி, சுவரெல்லாம் பாசி, தண்ணீர் அரைத்த கீரையின் நிறம். வீட்டுக்காரச் சீனக் கிழவர், மகனோடு இருக்கப் போகும்போது, மீன்களை வீட்டோடு விட்டுப் போனார். தண்ணீர் இருக்கிறபடி இருக்கட்டும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பெண் துணை இல்லாத வீட்டின் சோம்பல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தைப்பிங்கில் இருந்தபோது மகள் தவமணிக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்த மச்சாள் வந்து வீட்டு மூலைகளைத்தான் பார்ப்பாள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஜன்னல் விளிம்பை விரலால் தடவி, பிறகு அந்த விரலைப் பார்ப்பாள்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் கிணறு இறைக்கும் முறை ஒன்றுதான் யோகம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரைக் கலக்கி ஒரு சொட்டில்லாமல் இறைக்க வேண்டும். பொச்சுமட்டையால் சுவரைத் தேய்க்க வேண்டும். சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, கடைசியில் ஒரு பிடி சுண்ணாம்பு போட வேண்டும். அப்படியே செய்தாள். மீன்களைக் கிடாரத்தில் விட்டுவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, அந்தப் பச்சையை உரித்து உரித்து வாழையடியில் கொட்டினாள். பைப்புத் தண்ணீர் நிரம்பியபோது அதில் ஆகாயம் தெரிந்தது. தன் முகமும் தெரிந்தது. இனி யார் வேண்டுமானாலும் வந்து விரலால் தடவிப் பார்க்கட்டும் என்று நேற்று மாலை அவளுக்கு ஒரு நிம்மதி.

இப்போது, குனிந்து நின்ற அவளுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, நீளமான சத்தம். துருப்பிடித்த கதவை யாரோ மிக மெதுவாகத் திறப்பதைப் போல.

யோகம்மா அசையாமல் நின்றாள். அந்தச் சத்தத்தை அவள் உடம்பு முழுக்க அறிந்திருந்தது.

முட்டு. அவர்கள் ஊரில் மூச்சிழுப்புக்கு அதுதான் பெயர். இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள்கூட வரவில்லை. தைப்பிங்கின் ஓயாத மழையில் பிள்ளையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே ஒட்டி ஒட்டிப் போவதை அவள் இரவிரவாகப் பார்த்திருக்கிறாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை, பெயர் வைக்கும் முன்பே, பறிகொடுத்தவள். மூன்றாவதுக்குத் தவமிருந்து தவமணி என்று பெயர் வைத்தாள். கடற்காற்று நல்லது என்று மருந்து தரும் ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னதால் கணவன் ஐயாத்துரை வேலை மாற்றம் கேட்டு பினாங்குக்கு வந்தான். வந்த முதல் நாளே பிள்ளை தொட்டியடியில் போய்க் குந்தினாள். அன்றிலிருந்து மூச்சு சீரானது. கடற்காற்று என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கட்டிலில் தவமணி முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின.

"அம்மா," என்றாள், மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில். "அதுகளுக்கும் முட்டு."

"ஆருக்கு?"

"மீனுகளுக்கு."

யோகம்மா பிள்ளையைப் பார்த்தாள். அறையிலிருந்து கொல்லை தெரியாது. பிள்ளை இன்னும் வெளியே வரவே இல்லை.

*

"என்னாது, பானைய கழுவுற மாதிரி குளத்த கழுவிட்டியா?"

பின்மதிலுக்கு மேலே பின்வீட்டு ஹபீபா பீவியின் முகம் தெரிந்தது. அவள் புருஷன் சுலைமான், பாசார்ச் சந்தைப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் எப்போதும் வெங்காயம் வதங்கும் மணம்.

"சேறாய் இருந்தது அக்கா. அதான்..."

"ஒங்க யாழ்ப்பாணத்துக்காரவுங்க சுத்தம் இருக்கே! விட்டா மீனயும் சவுக்காரம் போட்டு தேய்ப்பிங்க போல-லா." சிரித்தவள், எட்டித் தொட்டியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "அல்லா. சுவத்துல ஒண்ணையும் விட்டு வைக்கலியா?"

"ஒண்டையும் விடேல்லை."

"தங்கச்சி, எங்க பள்ளிவாசல்ல தொழுகைக்கு கைகால் கழுவுற ஹவுது இருக்குல்ல, அதுல மீன் கெடக்கு. மோதினாரு தண்ணிய கொஞ்சம் எறைப்பாரு, கொஞ்சம் புதுசு ஊத்துவாரு. சுவத்துப் பாசிய மட்டும் தொடவே மாட்டாரு. அந்தப் பழைய தண்ணி, அந்தப் பாசி, அதுதான் அதுகளுக்கு மூச்சு. நீ மூச்ச தேச்சுக் கழுவிட்டே."

யோகம்மா மதிலடிக்குப் போனாள். "இப்ப என்ன செய்யிறது?"

"சோறு போடாத. வெயில் படாம ஓலை போட்டு மூடு. செத்தத ஒடனே எடுத்துடு, இல்லாட்டி மத்ததும் போய்டும். அப்பறம் தண்ணிய கலக்கிக்கிட்டே இரு, கையால. அசைஞ்சாத்தான் காத்து எறங்கும்." ஹபீபா பீவி குரலைத் தணித்தாள். "புள்ளைக்கு என்னா, இழுக்குதா?"

"ஓம்."

"அதப் பாரு மொதல்ல. மீனு போனா போவுது. பாசார்ல பத்து காசுக்குக் குடுக்கிறான்."

அவள் போன பிறகு யோகம்மா தொட்டியடியில் உட்கார்ந்து வலது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் சில்லென்று, ஒரு மணமும் இல்லாமல் இருந்தது. மெதுவாகச் சுழற்றினாள். மீன்கள் ஒவ்வொன்றாக வாய் மூடி, கீழே இறங்கின. நெற்றியில் மட்டும் சிவப்பு வைத்த வெள்ளை மீன் கடைசியில் போயிற்று. தவமணி அதற்குப் பொட்டுக்காரி என்று பெயர் வைத்திருந்தாள்.

பின்னால் அறையில் அந்தத் துருக்கதவுச் சத்தம் நின்றிருந்தது.

அவள் அதைச் சிறிது நேரம் கழித்துத்தான் உணர்ந்தாள். கையை நிறுத்தினாள். தண்ணீர் இன்னும் கொஞ்சம் சுழன்று, தளர்ந்து, நின்றது. ஒரு வாய் மேலே வந்தது. பிறகு இன்னொன்று. அறையிலிருந்து, மெதுவாக, அந்தத் துருக்கதவு திறக்கத் தொடங்கியது.

மீண்டும் கலக்கினாள். நின்றது.

தற்செயல் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதை நம்பவும் செய்தாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

*

அலுவலகம் விட்டு வந்த ஐயாத்துரை அவளை அப்படியே கண்டான். முட்டுக்குப் பிடித்த ஊமத்தை இலைப் புகையின் காட்டமான மணம் வீடெங்கும் இருந்தது. டிரெசர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"யோகம், நீர் என்ன செய்யிறீர் உதிலை?"

"மீனுகளுக்கு மூச்சு இல்லை."

"பிள்ளைக்கு மூச்சு இல்லை. நீர் மீனோடை இருக்கிறீர்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. எதைச் சொல்வது? தொட்டியைச் சுத்தம் செய்ததால் பிள்ளைக்கு இழுக்கிறது என்றா? சொற்களாக வரும்போது அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பறிகொடுத்தவளின் சொற்களாக இருக்கும்.

"நான் கையை எடுத்தா அவள் இழுக்கிறாள்," என்றாள் கடைசியில். "வேணுமெண்டா பாருங்கோ."

அவன் பார்க்கவில்லை. குனிந்து அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, தன் சால்வையால் துடைத்தான். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "விறைச்சுப் போச்சு கை. நித்திரை இல்லாமல் உமக்கும் விசர் பிடிக்கப் போகுது. எழும்பும்."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அறையில் இழுப்பு தொடங்கியது. அவன் உள்ளே ஓடினான். அவள் தொட்டியைப் பார்த்தாள். எல்லா வாய்களும் மேலே இருந்தன.

அடுத்த நாள் காலையில் முதல் மீன் செத்து மிதந்தது. வாய் திறந்தபடி. அவள் அதை வாழையடியில், தான் கொட்டிய பாசிக்குள்ளேயே புதைத்தாள். உள்ளே வந்தபோது தவமணியின் நகங்களில் ஒரு நீலம் ஏறியிருந்தது. மத்தியானம் இன்னொன்று. பிள்ளையின் உதடுகளுக்கும் நீலம் வந்தது. இரவில் மனம் கேளாமல் சுலைமான் ஹவுதிலிருந்து ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறையப் பழைய தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அன்றிரவு பிள்ளை படுத்துத் தூங்கினாள். யோகம்மா அவள் மார்பில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே, வெகு ஆழத்தில், தண்ணீர் அசையும் சத்தம் போல ஒன்று கேட்டது.

அந்தத் தகரம் ஒரு நாளுக்குத்தான் போதுமாக இருந்தது.

ஓலையால் மூடினாள். தென்னங்கீற்றின் நிழலில் நின்றும் செத்தன. பாதித் தண்ணீரை மாற்றினாள். செத்தன. கலக்கினாள். வலது கை ஓய்ந்தால் இடது கை, அது ஓய்ந்தால் மீண்டும் வலது கை. கலக்கும் வரை இருந்தன. சமைக்க எழுந்தபோது செத்தன. தைப்பூசத்துக்கு முதல் நாள் மச்சாள் குடும்பம் வந்து இறங்கியபோது பொட்டுக்காரி மட்டும்தான் மிஞ்சியிருந்தாள்.

அன்று வெயில் தாழும் நேரத்தில் யோகம்மா வாழையடியில் முழங்காலிட்டாள். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த பாசியை நகங்களால் பிறாண்டி எடுத்தாள். அடியில் இன்னும் ஈரம் இருந்தது. கறுப்பாக, குளிர்ந்து, கடல் வற்றிய சேற்றின் மணத்தோடு. அதை வாரி வாரித் தொட்டிக்குள் போட்டாள். விரல்களில் முட்கள் தட்டுப்பட்டன. செதில்கள் ஒட்டின. அவள் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே போட்டாள். திருப்பித் தருகிறேன், என்று சொன்னாள். எடுத்ததை எல்லாம் திருப்பித் தருகிறேன். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிமிர்ந்தபோது குசினி வாசலில் மச்சாள் நின்றுகொண்டிருந்தாள்.

"உதென்ன யோகம், சேறு?"

யோகம்மா தன் கைகளைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அதை அடக்க முடியவில்லை.

*

விடிந்தபோது தொட்டி பச்சையாக இருந்தது. ஒரே இரவில். கரைந்த சேற்றின் நிறமில்லை; பழைய, அடர்ந்த, அரைத்த கீரையின் நிறம். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வழுவழுத்தது.

பொட்டுக்காரியைக் காணவில்லை. ஆழத்தில் இருக்கும் என்று நினைத்தாள்.

அன்று தைப்பூசம்; பிள்ளைக்காக முருகனுக்கு நேர்ந்த பால்செம்பு இருந்தது. போகவா விடவா என்று ஐயாத்துரை தயங்கியபோது, "நேர்த்தி பிழைக்கக் கூடாது, போங்கோ," என்று அவள்தான் அனுப்பினாள். மச்சாள் போகும் முன் தவமணியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நீல உதடுகளுக்கு மேலே அது மிகச் சிவப்பாகத் தெரிந்தது. கோயில் தண்ணீர்மலைப் பக்கம், ஊருக்கு அந்தத் தலையில். அவர்கள் போன பிறகு சந்து முழுவதும் காலியாயிற்று. ஹபீபா பீவியும் தேர் பார்க்கப் போய்விட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வெங்காய மணம்கூட இல்லை.

யோகம்மா பிள்ளையைத் தலையணைகளில் சாய்த்து, கொசுவலையை இறக்கிவிட்டாள். தலைமயிரை வாரி, சிவப்பு நாடா கட்டினாள்.

"அம்மா, என்னைத் தொட்டியடிக்குக் கொண்டுபோங்கோ."

"வேண்டாம் ராசாத்தி. குளிர்."

"அங்கை மூச்சு விடலாம்."

"அம்மா போய்க் கலக்கிறன். நீர் கண்ணை மூடும்."

அவள் போய் உட்கார்ந்தாள். கையை விட்டாள். பச்சைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கை தெரியவில்லை. சுழற்றினாள். இழுப்பு தணிந்தது. தூரத்தில், காற்றுத் திரும்பும்போது மட்டும், மேளச் சத்தம் வந்து வந்து போயிற்று. தென்னோலை ஒன்று மதிலில் உரசியது. எத்தனை இரவுத் தூக்கம் அவள் இமைகளில் சேர்ந்திருந்ததோ. கன்னத்தைச் சீமெந்து விளிம்பில் வைத்தாள். கை சுழன்றுகொண்டுதான் இருந்தது. சுழல்கிறது என்றுதான் நினைத்தாள்.

விழித்தபோது பொழுது பட்டிருந்தது.

முதலில் அமைதி. மேளம் இல்லை. காற்று இல்லை. அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவளால் எழ முடியவில்லை. அந்த அமைதிக்கு இரண்டு பொருள்தான் இருக்க முடியும். இரண்டில் எது என்று அறியாமல் இருக்கும் இந்தக் கணத்திலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

கை இன்னும் தண்ணீருக்குள் இருந்தது. விரல்களுக்கிடையே பாசி. நீளமாக, மிருதுவாக, இழை இழையாக விரல்களைச் சுற்றி அசைந்தது. இவ்வளவு வளர்ந்துவிட்டதா! பழைய தண்ணீர் திரும்பிவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது.

அப்போது அறைக்குள் இழுப்பு கேட்டது.

மெல்லிய, நீளமான சத்தம். துருக்கதவு திறந்து, நின்று, மீண்டும் திறந்தது. இருக்கிறாள். கட்டிலில் இருக்கிறாள். மூச்சு இருக்கிறது. தன் வாழ்நாளில் முதன்முறையாக அந்தச் சத்தத்துக்காக அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். கலக்க வேண்டும். பிள்ளைக்கு இழுக்கிறது, கலக்க வேண்டும்.

விரல்களை அசைத்தாள். பாசியில் ஒரு முடிச்சு இருந்தது.

துணி முடிச்சு.

நாடா.

மேற்கே எஞ்சியிருந்த வெளிச்சம் தண்ணீரின் மேல் சாய்வாக விழுந்தது. பச்சைக்குக் கீழே ஒரு வெண்மை. அது மெல்ல மேலே வந்து, தண்ணீரின் தோலுக்குச் சற்றுக் கீழே நின்றது. நெற்றியில் சிவப்பு. குங்குமம் கரையவில்லை.

கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன.

நீலம் இல்லை. உதடுகள் சிவந்திருந்தன. வாய் திறந்தது. மூடியது. திறந்தது. தோள்கள் காதுவரை ஏறவில்லை. விலாக்களுக்கிடையே தோல் ஒட்டவில்லை. எல்லாம் மெதுவாக, சீராக, வலியில்லாமல். இப்படி அவள் மூச்சுவிட்டு யோகம்மா பார்த்ததே இல்லை.

தூக்க வேண்டும். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் கொடுத்து வெளியே தூக்க வேண்டும்.

பிள்ளை தண்ணீருக்குள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. அதிகாலையில் எழுப்பும்போது ஆட்டுவாளே, அப்படி.

அறைக்குள் இழுப்பு கூடியது. கொசுவலைக்குப் பின்னால், கட்டிலில், ஏதோ ஈரமாக, வால் போல, தலையணையில் அடித்துக்கொண்டது. ஒரு முறை. பிறகு ஒரு முறை.

வாசல் படலை திறக்கும் சத்தம். ரிக்ஷா மணி. மச்சாளின் பேச்சு, பிள்ளைகளின் சிரிப்பு, திருநீற்று மணம்.

"யோகம்!" ஐயாத்துரையின் குரல், பல நாளாக இல்லாத உற்சாகத்தோடு. "பால்செம்பு வடிவாய்ப் போச்சு. பிள்ளைக்கு எப்பிடி?"

"இப்ப முட்டு இல்லை," என்றாள் அவள்.

"என்ன விசர்க்கதை. இஞ்சை கேக்குதே. பாவம், நல்லாய் இழுக்கிறாள்."

அவன் காலடி அறைக்குள் போயிற்று. வலையின் வளையங்கள் கம்பியில் உரசின. பிறகு அவன் காலடி ஓர் எட்டு பின்வாங்கியது. அந்த நீளமான சத்தம் மட்டும், வலை விலகியதால் இன்னும் தெளிவாக, இழுத்தது. நின்றது. இழுத்தது.

யோகம்மா இடது கையையும் தண்ணீருக்குள் விட்டாள். மிக மெதுவாக, பிள்ளையின் முகத்தில் கை பட்டுவிடாதபடி, கலக்கத் தொடங்கினாள். கீழே அந்தச் சிறிய வாய் திறந்தது. மூடியது. திறந்தது.